மண்ணில் வனைந்த ஆண்மை

கலை மக்களுக்காகவே என்னும் கோட்பாட்டை ஏற்றுக்கொண்டவர்கள் நாம். ஆயினும் 'மக்கள்' என்னும் சொல்லை உச்சரிக்கும்போது யார் யாரைக் கருத்திற் கொள்கிறோம் என்ற வினாவை நம்முட் பலர் எழுப்புவதில்லை. உழவர், தோட்டத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர், ஒடுக்கப்பட்ட சாதியினர் என அந்தப் பட்டியல் நீளும். அதிலே பெண்ணுக்கு உரிய இடம் கிடைப்பதற்கே நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. ஆணாகப் பிறந்தும் ஊர் எதிர்பார்க்கும் ஆணாக நடவாதவனுக்கும், ஆணை நேசிக்கும் ஆணுக்கும், பெண்ணை நேசிக்கும் பெண்ணுக்கும், ஆண் பெண் என்னும் இரு கூண்டுகளுள் எதனுள்ளும் அடங்காதவருக்கும் அப்பட்டியலில் இன்னும் இடமில்லை. இவர்களைக் குறிக்கப் 'பால்புதுமையினர்' என்றொரு சொல் இப்போது தமிழில் வழங்குகிறது. சொல் வந்துவிட்டது, நம் விமரிசனத்தில் அவர்களுக்கு இடம் வரவில்லை. 'இவையெல்லாம் மேல்வர்க்கத்தின் சீரழிவு. மேனாட்டிலிருந்து இறக்குமதியான சரக்கு' என்று ஒதுக்கிவிடுவோர் நம் அணியிலேயே உளர். அவர்களோடு வாதிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். வாதத்துக்குச் சான்றாகக் களிமண்ணை அழைக்கிறோம்.

களிமண்ணை அழைப்பதற்குக் காரணம் உண்டு. இந்நாட்டிற் பிறந்த ஒரு கலைஞர் ஆண்மை என்னும் பொருளைக் களிமண்ணிலேயே விசாரணை செய்து வருகிறார். ரமேஷ் மரியோ நித்தியேந்திரன் என்பது அவர் பெயர். 1988 இல் கொழும்பிற் பிறந்தவர். அடுத்த ஆண்டே, கைக்குழந்தையாக இருந்தபோது, குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குச் சென்றவர். சிட்னி நகரில் வளர்ந்து, அங்கேயே ஓவியக் கலையை முறையாகப் பயின்று, பின்னர் மண்ணுக்கு வந்தவர். 2015 இல் சிட்னி மையர் நிதியத்தின் அவுஸ்திரேலிய மட்கலை விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2016 இல் கன்பராவிலுள்ள தேசிய கலைக்கூடத்தில் 'மண் மனிதர்' என்ற காட்சியையும், அதே ஆண்டில் மெல்பேண் பல்கலைக்கழகத்தின் இயன் பொட்டர் கலைக்கூடத்தில் 'ஆதியிலே' என்ற காட்சியையும் நடத்தினார். 2020 இல் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் ஏறத்தாழ 70 உருவங்கள் கொண்ட 'அவதாரக் கோபுரங்கள்' நிறுத்தப்பட்டன. 2023 இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ட்ராம்வே மண்டபத்தில், 'மண்ணும் நீருமான விக்கிரகங்கள்' என்ற பெரும் படைப்பு இடம்பெற்றது. கண்டியில் இருந்து எழுதும் நாம் இவற்றைப் படங்களின் வாயிலாகவே அறிவோம். எனினும் இவற்றைப் பற்றிப் பேச நமக்கு உரிமையும் கடமையும் உண்டு. ஏனெனில் அவர் கையாளும் உருவங்கள் நம் கோயில் வாயில்களிலும் ஊர் எல்லைகளிலும் நிற்பவை.

வழமையான பொருளில் இச்சிற்பங்களை அழகியவை என்று சொல்ல இயலாது. சில சிறியவை, சில ஆளுயரத்தை எட்டுபவை. ஒரு தலையின்மேல் இன்னொரு தலை, பல கைகள், பிதுங்கிய விழிகள், இளித்த பற்கள். ஒரே உடலில் ஆண்குறியும் முலைகளும் அமைந்திருக்கும். நம் ஊர்க் காவல் தெய்வங்களின் உக்கிரமும் கோமாளியின் இளிப்பும் ஒரே முகத்தில் கூடியிருக்கும். மேனியெங்கும் சிற்பியின் விரல் அழுந்திய தடங்கள். அத்தடங்களைத் தேய்த்து மறைக்க அவர் முயல்வதில்லை. சாயமும் கண்ணாடி மெருகும் வழிந்தோடி, வழிந்தபடியே உறைந்து நிற்கின்றன. தேர்ந்த குயவன் குறையென்று ஒதுக்கக்கூடியவற்றை இவர் வேண்டுமென்றே காப்பாற்றி வைத்திருக்கிறார். அவ்வுருவங்களிற் பல அவருடைய சொந்த உருவங்களே. இறைநம்பிக்கையற்றவர் என்ற நிலையில் நின்றுகொண்டே, தாம் பிறந்த சூழலின் இந்து, கிறித்தவ மரபுகள் இரண்டையும் அவர் எடுத்தாள்கிறார். நாத்திகர் ஒருவர் விக்கிரகம் செய்கிறார் என்பதே கவனிக்கத் தக்கது. வழிபடுவதற்காக அவர் அவற்றைச் செய்யவில்லை. விக்கிரகம் எவ்வாறு செய்யப்படுகிறது என்பதை நமக்குக் காட்டுவதற்காகச் செய்கிறார்.

இவ்விடத்திலே மட்கலையின் தொழில் நுணுக்கம் ஒன்றை நினைவு கூர்தல் தகும். கனத்த மண்ணுருவத்தை உள்ளே திண்மையாக விட்டுச் சூளையில் வைத்தால், உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி, வெளியேற வழியின்றி, அவ்வுருவத்தையே வெடிக்கச் செய்துவிடும். ஆகையாற் பெரிய உருவங்கள் உள்ளே வெறுமையாகவே வனையப்படும். ஆவி போவதற்கு எங்கேனும் ஒரு துளையும் விடப்படும். மீசை முறுக்கி, வாளோங்கி, ஊரை மிரட்டி நிற்கும் எந்த மண் வீரனை எடுத்துக்கொண்டாலும் அவனுள்ளே இருப்பது வெற்றிடம். அவன் நிற்பதே அந்த வெற்றிடத்தால்தான். ஆண்மை என்று நாம் வழங்கும் பண்பும் இவ்வாறே ஆக்கப்படுகிறது. பிறக்கும்போது எந்தக் குழந்தையும் அதைக் கொண்டு வருவதில்லை. 'ஆம்பிளைப் பிள்ளை அழலாமா' என்று வீடு பிசைகிறது, பள்ளிக்கூடம் தட்டுகிறது, தெரு உலர்த்துகிறது, படையும் தொழிற்சந்தையும் சுடுகின்றன. சுட்டபின் நாம் அதை 'இயற்கை' என்கிறோம். நித்தியேந்திரனின் உருவங்கள் விரல் தடங்களை மறைக்காமல் விட்டிருப்பதன் பொருள் இதுவே. 'இது செய்யப்பட்ட பொருள். செய்தவன் கை இதோ தெரிகிறது' என்று அவை சொல்கின்றன. செய்யப்பட்ட பொருளை வேறு விதமாகவும் செய்யலாம். சமூக மாற்றத்தில் நம்பிக்கை கொண்ட எவருக்கும் இந்த உண்மை அந்நியமானதாக இருக்க முடியாது.

ஆண்மை எவ்வாறு செய்யப்படுகிறது என்பதற்கு நம் மலையகமே சான்று. 1984 வரை தோட்டங்களிற் பெண்ணின் நாட்கூலி ஆணின் நாட்கூலியிலும் குறைவு. கொழுந்து பறித்தவள் அவள். தோட்டத்தின் வருமானம் நின்றது அவள் விரல்களில். எனினும் ஆணின் பகல் ஒரு விலைக்கும் பெண்ணின் பகல் வேறொரு விலைக்கும் வாங்கப்பட்டன. அந்த வேறுபாட்டை இயற்கை வகுக்கவில்லை. கம்பனிக் கணக்கேடு வகுத்தது. கூலியிற் கிடைத்த அந்தச் சில சதங்களே லயத்துக்குள் ஆணுக்கு அதிகாரமாக உருமாறின. 'நீ ஆம்பிளையா?' என்ற வசை, அச்சதங்கள் தந்த அதிகாரத்தைக் காப்பதற்கு எழுந்த காவற்கூச்சல். இந்தக் கோணத்திற் பார்த்தால், பால்புதுமையினர் படும் இழிவு தொழிலாளர் பிரச்சினைக்குப் புறம்பானதன்று என்பது விளங்கும். பெண்ணின் உழைப்பை மலிவாக்கிய அதே அளவுகோல்தான் பெண்மை கலந்த ஆணையும் மலிவாக்குகிறது.

இனி, இறக்குமதிச் சரக்கு என்ற குற்றச்சாட்டைப் பார்ப்போம். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை, சிவகங்கைப் பகுதிகளில் ஐயனாருக்கு நேர்ந்து வைக்கப்படும் மண்குதிரைகள் உலகத்துச் சுடுமண் சிற்பங்களுள் மிகப் பெரியவற்றைச் சேர்ந்தவை. ஊரார் முதலிற் பிடிமண் எடுத்துக் குயவரிடம் கொடுப்பர். வேளார் எனப்படும் அக்குயவரே பல ஊர்களில் அக்கோயிலின் பூசாரியும் ஆவார். குதிரைகள் சுட்டு முடிந்தபின் புரவி எடுப்பு விழாவில் அவற்றைச் சுமந்து சென்று ஊர் எல்லையில் நிறுத்துவர். இரவிலே குதிரையேறி ஊரைக் காவல் செய்யும் இத்தெய்வத்தைக் காட்டிலும் ஆண்மை மிக்க படிமம் நம் கிராமங்களில் வேறில்லை. அந்த ஐயனார் யார்? அரிஹரபுத்திரன், மோகினி வடிவெடுத்த திருமாலுக்கும் சிவனுக்கும் பிறந்த பிள்ளை என்று கதை கூறுகிறது. ஈழத்தில் வன்னிக் குளக்கட்டுகளின் காவலரும் அவரே; சிங்கள மக்கள் அவரை ஐயநாயக்க தெய்வம் என்று வழிபடுகின்றனர். நம் மண்ணின் காவல் வீரனை ஈன்ற கதையே ஆண் பெண் என்னும் வேலியைத் தாண்டியது. இதைச் சொல்வதால் புராணத்தை நாம் புரட்சியாக்கிவிடவில்லை. மோகினியின் பிள்ளைக்குக் குதிரை செய்து வைத்த அதே ஊர், பெண் நடை நடந்த தன் பிள்ளையைக் கல்லெறிந்து விரட்டியதும் உண்டு. கதையிலே கொடுத்த இடத்தை வாழ்க்கையிலே கொடுக்க ஊர் மறுத்தது. எனினும், 'இது நம் மண்ணில் இல்லாதது' என்ற வாதம் மண்குதிரையின் காலடியிலேயே நொறுங்கிவிடுகிறது.

கண்டியை எடுத்துக்கொள்வோம். எசல பெரஹராவில் வெஸ் நடனம் ஆடுவோர் மரபாக ஆண்களே. வெற்று மார்பிற் கோத்த மணிவலை, தோளிலும் கையிலும் அணிகள், காலிற் சதங்கை, தலையில் ஒளிரும் வெஸ் முடி, இவற்றோடு அவர்கள் ஆடி வரும்போது, 'இது பெண்ணின் கோலம்' என்று எவரும் நகைப்பதில்லை. கண்டி மண்ணில் அதுவே ஆண்மையின் உச்சக் கோலம். அதே மாணவன் அதே மணியையும் சதங்கையையும் நடனமில்லாத நாளில் அணிந்து வகுப்புக்கு வருவானாயின் அவன் கதி என்னவென்று ஆசிரியர் யாவரும் அறிவர். ஆக, மணியில் ஆண்மையும் இல்லை, பெண்மையும் இல்லை. அதை எங்கே, எவருடைய அனுமதியோடு அணிகிறோம் என்பதிலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது. தோட்டங்களில் மாசி மாதத்து இரவுகளில் நிகழும் காமன் கூத்தும் இதையே சொல்லும். மரபுப்படி அங்கே மதனும் ஆண், ரதியும் ஆண். பகலில் மண்வெட்டி பிடித்த கை இரவில் வளையல் அணிந்து, எரிந்துபோன கணவனுக்காக மாரடித்து அழுகிறது. அந்த அழுகையைக் கண்டு லயத்துப் பெண்களும் ஆண்களும் கண் கலங்குகின்றனர். கூத்துக் களரியில் நம் மக்கள் அறிந்திருந்ததை, களரி கலைந்ததும் மறக்குமாறு யார் நமக்குக் கற்பித்தார்?

இக்கேள்விக்கு விடை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1815 மார்ச் 2 ஆம் நாள் கண்டி மகுல் மடுவத்தில் கண்டி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இந்நாடு முழுவதும் ஆங்கிலேயர் வசமாயிற்று. இந்தியாவுக்கு அவர்கள் 1860 இல் இயற்றிய தண்டனைச் சட்டக் கோவையை அடியொற்றி 1883 இல் இலங்கைக்கும் ஒரு தண்டனைச் சட்டக் கோவை வந்தது. 'இயற்கை நெறிக்கு மாறான' உடலுறவுக்குப் பத்தாண்டு வரை சிறை என்பது அதன் 365 ஆம் பிரிவு. 365அ பிரிவோ முதலில் ஆண்களை மாத்திரமே இலக்காகக் கொண்டிருந்தது. 1995 இல் அதைத் திருத்த வாய்ப்புக் கிடைத்தபோது, நம் சட்டமன்றத்தார் அப்பிரிவை நீக்கவில்லை. 'ஆண்' என்ற சொல்லை மட்டும் நீக்கி, பெண்களையும் அதனுள் அடக்கிவிட்டனர். சமத்துவம் என்ற சொல்லுக்கு இத்தகைய பொருளும் உண்டு போலும்! இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 2018 செப்டெம்பர் 6 ஆம் நாள், மனமொத்த வயதுவந்தோரின் உறவு குற்றமன்று என்று தீர்ப்பளித்தது. இங்கே அப்பிரிவுகளைத் திருத்துவதற்குக் கொண்டுவரப்பட்ட தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆயின் 2024 செப்டெம்பரிற் பாராளுமன்றம் கலைக்கப்படும் வரை அச்சட்டமூலம் நிறைவேறவில்லை. எது இறக்குமதி என்று கேட்போருக்கு நாம் சொல்லும் விடை இதுதான்: காமன் கூத்தின் ரதி இங்கே மக்களிடையே ஆடியவள், 365 ஆம் பிரிவு கப்பலில் வந்தது.

'இது சட்டத்தின் கதை. கலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?' என்று வினவலாம். மட்கலையின் வரலாற்றிலேயே அதற்கு விடை உண்டு. கிறித்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரக் குயவர், சிவந்த களிமண் கலங்களிலே கறுப்பு உருவங்களைத் தீட்டினர். அக்கலங்களில் ஆணின் மேனி கறுப்பு. பெண்ணின் மேனிக்கோ அதன்மேல் வெள்ளைப் பூச்சு. வெயிலிலே திரிய ஆணும் வீட்டுக்குள் அடைபடப் பெண்ணும் என்று வகுத்த சமூகம், அப்பிரிவினையைச் சாயமாக்கிக் குடத்தின்மேற் பூசியது. அதே குயவர் ஆணை நேசித்த ஆண்களையும் மதுக்கிண்ணங்களில் ஒளிவின்றி வரைந்தனர். மண்கலம் ஒரு சமூகத்தின் சட்டத்தையும் சுமக்கும். அச்சட்டம் சொல்லாத வாழ்க்கையையும் சுமக்கும். நம் காலத்தில் இங்கிலாந்தின் கிரேசன் பெரி என்ற குயவர் பெண்ணுடை அணிந்து வந்து 2003 ஆம் ஆண்டின் டேர்னர் பரிசைப் பெற்றார். அவர் வனைந்த குடங்கள் தொலைவிலே பார்த்தால் வரவேற்பறையை அலங்கரிக்கும் பழைய சாடிகள். அருகிற் சென்றால் அவற்றின் மேல் நவீன வாழ்க்கையின் வன்முறையும் பாசாங்கும். கல்லும் வெண்கலமும் அரசர்க்கும் ஆலயத்துக்கும் உரியவையாக உயர்த்தப்பட்டன. மண்ணோ அடுக்களைப் பொருள் என்றும் பெண்ணின் புழங்குபொருள் என்றும் தாழ்த்தப்பட்டது. தாழ்த்தப்பட்டோர் தாழ்த்தப்பட்ட பொருளைக் கையில் எடுப்பதில் வியப்பொன்றும் இல்லை.

தமிழ் மாணவர்க்கு இன்னொரு சான்றும் கைக்கெட்டும் தூரத்தில் உண்டு. வெண்ணிக் குயத்தியார் என்ற பெயரைப் பாடநூல்களில் மனனம் செய்கிறோம். அப்பெயரின் பொருளை எண்ணிப் பார்ப்பதில்லை. குயத்தி என்பாள் குயவர் குலப் பெண். வெண்ணிப் போரிலே வென்ற கரிகாலனை நேர்முன் விளித்து, தோற்று, புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர் நீத்த சேரனே உன்னிலும் நல்லன் என்று சொல்லும் துணிவு அவளுக்கு இருந்தது. புறப்புண் இழிவு என்ற அக்கால வீரக் கோட்பாட்டை அவள் மறுக்கவில்லை என்பது உண்மையே. எனினும் வெற்றிதான் ஆண்மை என்ற கணக்கை, வென்றவனின் முகத்துக்கு நேரே ஒரு மண்வினைப் பெண் தவறென்று காட்டினாள். அதே புறநானூற்றில், இறந்த கிள்ளிவளவனுக்குத் தாழி வனையப் போகும் குயவனைப் பார்த்து ஐயூர் முடவனார் இரங்குகிறார். எத்துணைப் பெரிய வீரனும் முடிவில் குயவனின் கைக்கு வந்தே தீர வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

நிற்க. இதுவரை நித்தியேந்திரனின் கலைக்கு ஆதரவாகப் பேசினோம். ஆதரவு மட்டும் விமரிசனம் ஆகாது. மண்ணைப் பற்றிப் பேசுகையில், அம்மண்ணை மிதித்தவர்களைப் பற்றியும் பேச வேண்டும்.

கண்டி அரசிலே குயவர் நிலத்துக்கு ஈடாக இராசகாரியம் செய்தனர். அரண்மனைக்கும் விகாரைக்கும் பிரபுக்களுக்கும் பானையும் சட்டியும் ஓடும் செய்து கொடுப்பது அவர் கடமை. 1660 இல் சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபதாண்டு கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து தப்பிய ரொபேர்ட் நொக்ஸ், சாதாரண மக்கள் தம் வீடுகளுக்கு ஓடு வேயவோ சுண்ணாம்பு பூசவோ அனுமதிக்கப்படவில்லை என்று தம் நூலிற் பதிந்திருக்கிறார். ஓடு செய்தவன் ஓலையின்கீழ்ப் படுத்தான் என்பதே இதன் பொருள். ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெருநூலில் இக்கைவினைஞர்களின் தொழிலையும் சமூக நிலையையும் ஆராய்ந்தார். சோசலிசவாதியான வில்லியம் மொரிஸின் அச்சகத்தில் முன்பு பயன்பட்ட இயந்திரத்திலேயே அந்நூல் அச்சாயிற்று. நம் கைவினைஞருக்கு அறிவுலகில் மதிப்புத் தேடித்தந்த பெருமை அவருக்கு உரியது. ஆயினும் நிலமானிய அமைப்பின் ஒழுங்கை அவர் அழகாகக் கண்டார். அவ்வொழுங்கின் அடியிற் கிடந்தவனின் மூச்சுத் திணறலைப் போதிய அளவு கேட்கவில்லை. கேகாலைக்கு அண்மையில், கொழும்பு-கண்டி வீதியிலுள்ள மொலகொடையில், பானைகளும் சட்டிகளும் அடுக்கப்பட்ட கடைகளைக் கடந்து போகும் நம்முட் பலரும் அப்படியே.

மட்தொழிலின் உள்ளேயும் ஆணதிகாரம் உண்டு. தென்னாசியாவின் குயவர் சமூகங்கள் பலவற்றிற் பெண் சக்கரத்தைத் தொடலாகாது. மண் சுமத்தல், மிதித்தல், தட்டிச் சீராக்கல், தலையிற் சுமந்து விற்றல் யாவும் அவளுக்கு. சுழலும் சக்கரமும் 'செய்தவன்' என்ற பெயரும் ஆணுக்கு. நித்தியேந்திரன் தம் உருவங்களைச் சக்கரத்தில் இடாமற் கையாலேயே பிடித்து எழுப்புகிறார். அவர் எண்ணிச் செய்தாரோ இல்லையோ, சக்கரத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வேலைமுறைக்கு அது நெருக்கமானது. அவருடைய கலையில் நாம் மதிக்கும் ஓரம்சம் இது.

குறையென நாம் கருதுவது வேறு. நாம் கண்ட படங்களில் அவ்வுருவங்களுக்குக் கைகள் பல; ஆயின் அக்கைகளில் ஒன்றேனும் வேலை செய்வதாகத் தெரியவில்லை. அவை ஆசி கூறுகின்றன, மிரட்டுகின்றன, ஆடுகின்றன. கொழுந்து பறிப்பதில்லை, மண் சுமப்பதில்லை. ஆண்மையை இன்ப வேட்கையின் கோணத்தில் நின்று நொறுக்கும் இக்கலை, அது உற்பத்தியாகும் உழைப்புக் களத்துக்கு வரவில்லை. ஆண்குறியைத் திரும்பத் திரும்பப் பெருக்கிக் காட்டும்போது, நையாண்டியாகத் தொடங்கியது வழிபாடாகவே முடிந்துவிடுமோ என்ற ஐயமும் எழாமலில்லை. செல்வந்த நாட்டுக் கலைக்கூடத்தின் வெண்சுவருக்குள் அதிர்ச்சியும் ஒரு விற்பனைப் பண்டம் ஆகும். சந்தை தன்னை ஏசுவோரையும் விலைக்கு வாங்க வல்லது.

இது இவருக்கு மட்டும் உரிய குறையன்று. லயனல் வென்ட் (1900-1944) என்னும் நம் புகைப்படக் கலைஞரிடமும் இதைக் காணலாம். 1943 இல் தோன்றிய '43 குழு' என்ற ஓவியர் அணியின் மூலவர் அவர். இந்நாட்டு ஆணுடலை, காலனி ஆட்சியாளரின் கண்ணாலன்றி, நேசிக்கும் கண்ணால் முதலிற் படம்பிடித்தவர்களுள் தலைசிறந்தவர். உழைத்து இறுகிய கரிய மேனிகளின்மேல் அவருடைய ஒளி விழும்போது அந்த உடல்கள் மதிப்புப் பெறுகின்றன. ஆனால் அவ்வுடல்களுக்குரிய உழைப்பாளிகள் பெரும்பாலும் பெயரின்றியே நிற்கின்றனர். படம் எடுத்தவருக்குக் கிடைத்த சுதந்திரம் படத்தில் நின்றவனுக்குக் கிடைத்ததா என்ற கேள்வியை அப்படங்கள் விடுத்துச் செல்கின்றன. கொழும்பின் மேல்தட்டு வீட்டில் கலையாக மதிக்கப்பட்ட விருப்பம், ஏழைத் தொழிலாளியிடம் குற்றமாயிற்று. 365 ஆம் பிரிவு எல்லோருக்கும் பொதுவென்று எழுதப்பட்டிருந்தாலும், அதன் பாரம் வாடகை அறையிலும் பூங்காவிலும் பேருந்து நிலையத்திலும் நிற்பவன்மீதே கூடுதலாக விழும்.

ஆயின் இக்குறைகளைக் காட்டிக் கலைஞரைத் தள்ளிவைப்பது எளிது. கடினமான வேலை நம்முடையது. சிட்னியில் அவர் நொறுக்கிய விக்கிரகம் கண்டியின் வகுப்பறைகளில் முழுசாக நிற்கிறது. மென்குரலிற் பேசும் மாணவனுக்குப் பட்டப்பெயர் சூட்டப்படும்போது ஆசிரியர் சிலர் தாமும் சேர்ந்து சிரிக்கின்றனர். வேறு சிலர் கேட்காதது போல் கரும்பலகையின் பக்கம் திரும்புகின்றனர். அம்மாணவன் மெல்ல மெல்லப் பின்வரிசைக்குப் போகிறான். பிறகு பள்ளியை விட்டே போகிறான். அவன் தோட்டத்துப் பிள்ளையாயின், லயத்திலும் தனியறை இல்லை, பள்ளியிலும் புகலிடம் இல்லை. வறுமையால் இடைவிலகினான் என்று பதிவேட்டில் எழுதுகிறோம். அது பாதி உண்மை.

இந்நிலையில் நாம் செய்யத்தக்கவை சில உண்டு. வெண்ணிக் குயத்தியாரைப் படிப்பிக்கும்போது அவள் யார் என்பதையும் சேர்த்துப் படிப்பிக்கலாம். காமன் கூத்தைப் பற்றிப் பேசும்போது, ரதியாக ஆடும் தொழிலாளியின் கண்ணீரைக் கேலியின்றிப் பேசலாம். நம் இலக்கியக் கூட்டங்களில் 365 ஆம் பிரிவை நீக்கக் கோரும் தீர்மானத்தை, கூலி உயர்வுத் தீர்மானத்துக்கு அடுத்த வரியிலே வைக்கலாம். இரண்டும் ஒரே மனிதனின் உடலைப் பற்றியவை. சித்திரப் பாட வேளையில் மாணவர் கையில் களிமண்ணைக் கொடுத்து, 'ஒரு வீரனைச் செய்' என்று சொல்வதற்குப் பதிலாக, 'ஒரு மனிதனைச் செய்' என்று சொல்லிப் பார்க்கலாம். என்ன செய்வார்கள் என்பதை முன்கூட்டி அறிய முடியாது. அறிய முடியாமையே அதன் பயன்.

சுடப்பட்ட மண்ணை மறுபடி பிசைய இயலாது, உடைக்கத்தான் இயலும். சுடாத மண்ணோ நீர் பட்டால் இளகும். நம் வகுப்பறைகளில் இருப்போர் இன்னும் சூளைக்குப் போகாதவர்கள். அவர்களை எந்த அச்சில் அழுத்துவது என்று சமூகம் முடிவு செய்வதற்கு முன்னர், அந்த அச்சு யார் செய்தது, யாருடைய நலனுக்காகச் செய்தது என்ற வினாவை அவர்கள் காதிலே போட்டுவைப்பது ஆசிரியராகிய நம் கடன்.